பாடசாலையில் தீபாவளி, வீட்டில் விளக்கு



தீபாவளி நெருங்கும்போது பெற்றோர் சிலர் கேட்பதுண்டு: "நத்தார் வந்தால் பாடசாலை முழுவதும் அலங்காரம். எங்கள் பண்டிகைக்கும் அங்கே ஒரு பூசை வைத்தால் என்ன?" கேள்வி நியாயமானதே. விடை காண, ஒன்ராறியோவில் நடந்ததைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.

ஒரு காலத்தில் இம்மாகாணத்துப் பொதுப் பாடசாலைகளில் காலை தோறும் கிறிஸ்தவ செபம் சொல்வது வழமை. விரும்பாத பிள்ளை விலகி நிற்கலாம் என்ற சலுகையும் இருந்தது. சட்பரி நகரப் பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். 1988இல் மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது. எல்லோர் முன்னிலையிலும் "நான் வேறு" என்று ஒரு பிள்ளையைக் காட்டிக்கொள்ளச் செய்வதே வற்புறுத்தல்தான் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1990இல் மற்றொரு தீர்ப்பு வந்தது: பொதுப் பாடசாலை சமயங்களைப் பற்றிக் கற்பிக்கலாம், ஒரு சமயத்தைப் புகட்டலாகாது.

நம் பிள்ளையைக் காத்த அதே நீதிதான், வகுப்பு முழுவதையும் நம் பூசையில் நிறுத்தவும் இடந்தராது. ஆசிரியை தீபாவளியைப் பற்றிச் சொல்லலாம். பிள்ளைகள் களிமண்ணில் அகல்விளக்குச் செய்யலாம். பக்தியை ஊட்டுவது வீட்டின் கடமை, கோயிலின் கடமை.

"ஏன் விளக்கேற்றுகிறீர்கள்?" என்று ஆசிரியை கேட்டால் நம் பிள்ளை என்ன சொல்லும்? "அம்மா ஏற்றுவா" என்பதோடு நின்றுவிட்டால், பிழை பிள்ளையுடையதன்று. காலையில் இட்ட திருநீற்றை பஸ் வருமுன் அழித்துவிடும் பிள்ளையும் அப்படித்தான். பொருள் தெரியாத ஒன்றை அது எந்தத் துணிவில் நெற்றியில் சுமக்கும்?

யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரை எண்ணிப் பாருங்கள். வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைநின்றவர். பாதிரிமாரோடு அவர் வாதிட்டதும் உண்மை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவரும் அவரே. பிறர் சமயத்தை அருகிருந்து அறிந்ததால் அவருடைய சைவம் தேயவில்லை. தம் சமயத்தை அவர் விளங்கிக் கற்றிருந்தார்.

ஒன்ராறியோ கல்விச் சட்டம் சமயத் திருநாளில் பிள்ளை பாடசாலைக்கு வராதிருக்க அனுமதிக்கிறது. முன்கூட்டியே ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆனால் அந்த நாள் தொலைக்காட்சிக்கு உரியதன்று. எண்ணெய் தேய்த்து நீராட்டி, விளக்கேற்றி, நரகாசுரன் கதையைச் சொல்லுங்கள். வெளியிலுள்ள இருளோடு மனத்து ஆணவ இருளும் நீங்கவே விளக்கு என்று விளக்குங்கள். பின் ஆலயத்துக்கு அழைத்து வாருங்கள்.

நத்தார் நிகழ்ச்சியில் பிள்ளை பாடினால் முன்வரிசையில் இருந்து கைதட்டுங்கள். றமழான் நோன்பிருக்கும் நண்பனை மதிக்கப் பழக்குங்கள். தன் வீட்டு விளக்கின் பொருள் அறிந்த பிள்ளை, அயல்வீட்டு விளக்கைக் கண்டு அஞ்சாது.

எல்லாம் வல்ல விநாயகப் பெருமான் திருவருள் நம் பிள்ளைகளுக்குக் கூடுவதாக.

சுபம்.