உறங்கும் பொன்னும் பிறவாத தலைமுறையும்

மண்ணுக்குள் உறங்கும் பொன் யாருக்கு உரியது? உரியவர் இன்னார் எனத் தெரிந்துவிட்டால், அதை அகழ்வது தகுமா என்னும் வினாவும் அத்துடன் தீர்ந்துவிடுமா?

அலாஸ்காவின் தென்மேற்கில், குஸ்கோக்விம் ஆற்றுப் படுகையில், சாலை சென்றடையாத டான்லின் ஓடைப் பகுதியில் ஏறத்தாழ 1,200 டன் பொன் இருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். ஒரு டன் பாறையில் இரண்டு கிராமுக்குச் சற்றே மிகுதியான பொன்தான் உண்டு. நடுவண் அரசின் முக்கிய அனுமதிகள் 2018இல் கிடைத்தன. ஆனால், கழிவைத் தேக்கும் அணை உடைந்தால் நேரும் தீங்கு போதிய அளவு ஆராயப்படவில்லை என்று 2024இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அயலார் வந்து பழங்குடியினரின் செல்வத்தை அள்ளிச் செல்லும் கதையை நாம் பலமுறை கேட்டதுண்டு. இங்கு நிலைமை வேறு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அக்கனிமங்கள், பூர்வகுடியினரே பங்குதாரர்களாக உள்ள கலிஸ்டா நிறுவனத்தின் உடைமையாயின. வேலை அரிதான சிற்றூர்களுக்குச் சுரங்கம் வாழ்வளிக்கும் என்கிறது அந்நிறுவனம். சால்மன் மீன்வளம் ஏற்கெனவே குன்றியுள்ள ஆற்றுக்கு அது கேடாகும் என அஞ்சுகின்றனர் கரையோர யூப்பிக் மக்கள் பலர். இரு தரப்பினரும் தம் பிள்ளைகளை எண்ணியே பேசுகின்றனர்.

சுரங்கத்தின் ஆயுள் ஏறத்தாழ 27 ஆண்டுகள். அதன்பின் அகழ்குழியில் தேங்கும் நீரைக் காலவரையின்றித் தூய்மைப்படுத்த வேண்டும் என்பது திட்டத்திலேயே உள்ளது. ஈட்டுவோர் ஒரு தலைமுறையினர். காவலிருப்போரோ இன்னும் பிறவாதவர்.

பிறவாதோரின் உரிமை அம்மக்களுக்குப் புதிதன்று. 1971 டிசம்பர் 18க்குப் பின் பிறந்தோருக்கு அச்சட்டம் தொடக்கத்தில் பங்களிக்கவில்லை. கலிஸ்டாவின் பங்குதாரர்கள் பின்னாளில் வாக்களித்து அவர்களையும் சேர்த்துக்கொண்டனர். செல்வத்தில் பங்குதந்த அதே நீதி, சுமையைக் குறித்தும் வினவ வேண்டாமா? உடைமை தீர்மானிக்கும் உரிமையைத் தரும். பிறர்மேல் முடிவில்லாச் சுமையை ஏற்றும் உரிமையைத் தருமா?

இன்று மறுத்தால் நாளை இசையலாம். அகழ்ந்தபின் மீட்க வழியில்லை. பொன் கெடுவதில்லை, எத்தனை காலமும் காத்திருக்கும். ஆனால் வேலையற்ற இளைஞனால் அவ்வாறு காத்திருக்க இயலாது. ஆகவே, பொன்னைத் தொடாதீர் என்று தொலைவிலிருந்து சொல்வோர் அவனுடைய பிழைப்புக்கு வேறு வழிகாணும் பொறுப்பிலும் பங்கேற்க வேண்டும். அப்பொறுப்பை ஏற்காத அறிவுரை அறமாகாது.