சுடாத தோட்டாவின் கணக்கு

ஒருவர் தோட்டா ஒன்று செய்தார். சுடவில்லை. பெட்டியில் வைத்துவிட்டு இறந்துபோனார். அந்தப் பெட்டிக்குள் வினை என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது யாருடையது? தோட்டாவைப் பிரித்துப் போட்டால் வினையும் பிரியுமா?

நான் வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பத்துப் பிள்ளை. பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துவிடும் தமிழ்ச் சமண வழக்கத்தை ஒகையோவின் குளிர்காலத்திலும் விடாமல் வைத்திருப்பவன். தொழில் டூல் அண்ட் டை, அதாவது அச்சுக்கருவி செய்வது. துப்பாக்கி வைத்துக்கொண்டதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பெரியவர் காகித இலக்கைச் சுடுகிறவர். தன் தோட்டாவைத் தானே செய்துகொள்வார். சொந்த உபயோகத்துக்கு என்றால் அமெரிக்கக் கூட்டரசு அதற்கு உரிமம் கேட்பதில்லை, செய்து விற்றால்தான் கேட்கும். பிரெஸ், டை, மைக்ரோமீட்டர் எல்லாம் எனக்குப் பழகிய சாமான்கள் என்பதால் அவருடைய பேஸ்மென்ட் மேசையருகே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். அவர் போன பிறகு அவர் மனைவி சில பெட்டிகளைக் கொண்டுவந்து, "இதை என்ன செய்வது, நீயே சொல்" என்றார்.

பெட்டிகளின் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. சிக்கல் அதுதான். ஒழுங்காகத் தோட்டா செய்பவர் என்ன வெடிமருந்து, எத்தனை கிரெயின், எந்தக் குண்டு, என்றைக்குச் செய்தது என்று ஒவ்வொரு பெட்டியிலும் எழுதிவைப்பார். கடைசிக் காலத்தில் பெரியவருக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அடுத்தவர் செய்த தோட்டாவைச் சுடாதே என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் விதி. காரணம் உண்டு. அவை .38 ஸ்பெஷல் தோட்டாக்கள். 1898-இல் கரிமருந்துக்காக வந்த வகை, ஆகவே கூடு விசாலமானது. இன்றைய புகையில்லா மருந்தில் வேகமாக எரியும் ரகமானால், 158 கிரெயின் ஈயக் குண்டுக்கு 4 கிரெயினுக்குக் குறைவாகவே போதும். ஒரு கிரெயின் சுமார் 65 மில்லிகிராம். அந்தத் துளி மருந்து கூட்டின் அடியில் கிடக்கும்; தவறி இரண்டாம் முறை கொட்டினாலும் குண்டு அதன்மேல் அழகாக உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியாது. மருந்தே கொட்டாமல் விட்டால், அதைப் பற்றவைக்கும் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளிச் சிக்கவைக்கும். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். முழுத் தோட்டாவைத் தராசில் நிறுத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதுவும் நம்பகமில்லை. கூட்டுக்குக் கூடு, குண்டுக்குக் குண்டு உள்ள எடை வித்தியாசத்தில் மருந்தின் வித்தியாசம் மறைந்துவிடும்.

யாருக்காவது கொடுத்துவிடலாமா என்றால், எங்கள் சமணத்தில் அதற்கும் தடை. இல்லறத்தார் நோன்புகளில் வீண்கேடு தவிர்ப்பது ஒன்று. அனர்த்த தண்ட விரதம் என்பார்கள். வாள், நஞ்சு, நெருப்பு போன்ற கொலைக்கருவிகளைப் பிறர் கையில் கொடுக்காதிருப்பது அதில் ஒரு பிரிவு. சமந்தபத்திரரின் ரத்தினகரண்டகமும், அதை ஒட்டித் தமிழில் வந்த அருங்கலச்செப்பும் இதைச் சொல்கின்றன. தோட்டா செய்பவர்களின் விதியும் எங்கள் விதியும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் நின்றன: பெட்டி கைமாறக் கூடாது. ஆகவே பிரித்தேன்.

பிரிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது. தலை பொள்ளல். தோட்டாவின் பின்விளிம்பைப் பிடி கவ்விக்கொள்ள, குண்டு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். மூடியைத் திருகிவிட்டுக் கெட்டியான மரக்கட்டையில் ஓங்கித் தட்ட வேண்டும். சுத்தியல் நிற்கும், கூடு நிற்கும், குண்டு மட்டும் போன வேகத்தில் போகும். ஒரு தட்டில் வராது. .38-இல் கூட்டின் வாயைக் குண்டின் பள்ளத்துக்குள் சுருட்டி இறுக்கியிருப்பார்கள். தட்டத் தட்ட, திடீரென்று சத்தம் மாறும். உள்ளே ஏதோ உருளும். குண்டின் மூக்கு நசுங்காமலிருக்க அடியில் பஞ்சுபோன்ற காதடைப்பான் ஒன்றைப் போட்டு வைப்பது வழக்கம். கண்ணாடி போடாமல் செய்யக் கூடாது. ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வாயருகே கொண்டுபோகக் கூடாது. விளிம்பிலேயே வெடிமசாலா வைத்திருக்கும் .22 வகையை இந்தச் சுத்தியலில் வைக்கவே கூடாது.

கொட்டிய மருந்தை நிறுத்துப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் 3.5 கிரெயின் பக்கம் இருந்தது. ஒன்றில் 7.

அந்தச் சாம்பல் நிறத் துணுக்குகளைத் தராசுத் தட்டில் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். பெரியவர் யாரையும் வெறுத்தவரல்லர், வேட்டைக்குக்கூடப் போனதில்லை. அவருடைய பெட்டியில் ஒரு கையைச் சிதைக்கப் போதுமான தோட்டா ஒன்று, மற்றவற்றைப் போலவே பளபளத்துக்கொண்டு இருந்திருக்கிறது. கோபத்தில் செய்ததல்ல. நெம்புகோலை இழுக்கும்போது மனம் வேறெங்கோ போயிருக்கும், அவ்வளவுதான்.

தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதி இம்சைக்குத் தரும் இலக்கணத்தில் வெறுப்பு என்ற சொல் முன்னால் நிற்பதில்லை. பிரமாதம், அதாவது விழிப்பற்ற மனத்தோடு செயல்படுவது, அதனால் உயிருக்குக் கேடு செய்வது, அதுவே இம்சை என்கிறார். கருணையைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் கவனத்தைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று படித்த காலத்தில் எனக்குப் பிடிபட்டதில்லை. தராசுத் தட்டு பிடிபட வைத்தது. பகைவன் செய்த தோட்டாவும் அசந்துபோனவர் செய்த தோட்டாவும் வெடிக்கும்போது ஒன்றுதான். துறவியருக்குச் சொன்ன ஐந்து சமிதிகளில், அதாவது கவன நெறிகளில், ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் கவனம் ஒன்று, கழிப்பதைக் கழிக்கும் இடத்தில் கவனம் இன்னொன்று. சுத்தியல் வேலை முழுக்க அந்த இரண்டுதான்.

சைவ, வைணவ நண்பர்களிடம் இதைச் சொன்னால் அம்பு உவமையை எடுப்பார்கள். தூணியில் இருப்பது சஞ்சிதம், அதாவது சேர்ந்து கிடக்கும் வினை; கைவிட்டுப் போனது பிராரத்தம், பலன் தரத் தொடங்கிவிட்ட வினை. போனது போய்த் தைத்தே தீரும், தூணியில் உள்ளதை ஞானத்தீ எரித்துவிடும். அழகான ஏற்பாடுதான். ஆனால் தோட்டாப் பெட்டியைத் தீயில் போட்டால் என்னவாகும் என்று தெரிந்த எனக்கு, ஒரே மூச்சில் எரித்து முடிக்கும் வழி இந்தக் காரியத்துக்கு ஒத்துவரவில்லை. எங்கள் நூல்கள் சொல்வது மெதுவான வழி. வினை ஒரு நுண்பொருள், உயிரில் ஒட்டுவது. அது உதிர இரண்டு முறை. பழுத்துப் பயன் கொடுத்துவிட்டு உதிர்வது ஒன்று. தவத்தால், காலம் வருமுன்பே உதிர்ப்பது மற்றொன்று. மரத்தில் தானே பழுக்கும் மாங்காயையும் வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்கும் மாங்காயையும் இதற்கு உதாரணம் காட்டுவார்கள். சுட்டால் முதல் வகை, பிரித்தால் இரண்டாம் வகை என்று சொல்லிவிட நாக்கு துறுதுறுக்கும்.

ஆனால் பொருந்தாது. எங்கள் கணக்கில் வினைக்குக் கைமாற்று கிடையாது. பெரியவரின் அசதியில் ஒட்டியது எதுவோ அது அவரோடு போயிற்று. ஒகையோவில் நான் எத்தனை தட்டுத் தட்டினாலும் அதில் ஒரு துணுக்கு உதிராது. அப்படியானால் நான் பிரித்தது என்ன?

அதே தத்துவார்த்த சூத்திரம் ஒரு செயல் வினையாவதற்கு உள்ள வழிகளை எண்ணுகிறது. செய்யத் துணிவது, செய்வதற்கானவற்றைச் சேர்ப்பது, செய்யத் தொடங்குவது என்று மூன்று நிலை. மனம், மொழி, மெய் என்று மூன்று கருவி. தானே செய்வது, செய்விப்பது, செய்ததற்கு உடன்படுவது என்று மூன்று முறை. கோபம், மானம், மாயம், உலோபம் என்று நான்கு தூண்டல். பெருக்கினால் 108. செபமாலையின் 108 மணிக்கு இதைக் காரணம் சொல்வாரும் உண்டு. உயிரற்ற பொருளின் பக்கத்திலும் ஒரு பட்டியல்: உண்டாக்குவது, வைப்பது, சேர்ப்பது, விடுவிப்பது. தோட்டா மேசையில் நடப்பவற்றை வரிசையாகச் சொன்னதுபோல் இருக்கும். விசையை இழுப்பது அதில் கடைசி ஒன்று மட்டுமே.

இந்தப் பட்டியலில் என் இடம் 'உடன்படுவது'. பெட்டியை வாங்கும்வரை எனக்கு அதில் பங்கில்லை. எழுத்தில்லாத பெட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்தவன், அந்த அம்மாவிடம் "அலமாரியிலேயே இருக்கட்டும்" என்று சொல்லியிருந்தால் அப்போதே என் பெயரில் ஒன்று ஏறியிருக்கும். நான் கழித்தது பெரியவர் வினையை அல்ல. எனக்கு வரவிருந்ததை வாசலிலேயே அடைத்தேன். செறிப்பு என்று தமிழ்ச் சமண நூல்கள் சொல்வது அதுதான். உதிர்ப்புக்கு முந்திய படி.

முழுக்க அடைத்தேனா என்றால் அதுவும் இல்லை. எந்த ரகம் என்று தெரியாத மருந்துக்கு, பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்ல யாராலும் முடியாது. அதை வைத்துக்கொள்ளக் கூடாது. புல்தரையில் மெல்லியதாகத் தூவிவிட்டேன். பித்தளைக் கூடுகளும் ஈயக் குண்டுகளும் அந்த அம்மாவின் உடைமை. அவர் மருமகனும் இலக்குச் சுடுகிறவர், தனக்கு வேண்டும் என்றார். ஈயத்தை உருக்கித் தூண்டில் எடையாக வார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். மீனுக்குப் போவதைவிடக் காகிதத்துக்குப் போவது மேல் என்று மருமகனிடமே கொடுத்தேன். கூடுகளில் பிரைமர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. எண்ணெய் விட்டால் செத்துவிடும் என்பார்கள், நம்பக் கூடாது. அதைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். குண்டின் எடையையும், அது பிரித்தெடுத்த பழைய குண்டு என்பதையும் எழுதினேன். கொலைக்கருவியைக் கொடுக்காதே என்ற நோன்பு இதையும் தடுக்குமா? முழுத் தோட்டாவைக் கொடுத்ததற்கும் இதற்கும் தூரம் உண்டு. ஆனால் மிச்சம் ஏதும் இல்லாமல் போய்விடவில்லை. 108-இல் ஒன்றிரண்டு என் பெயரில் திறந்துதான் இருக்கின்றன.

இந்த எண்ணிக்கை கொடூரமானது என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். நினைத்தாலே வினை, பார்த்துக்கொண்டு இருந்தாலே வினை என்றால் மனிதன் மூச்சு விடுவது எப்படி என்பார்கள். நான் மறுபக்கம் பார்க்கிறேன். சுட்டால்தான் பாவம் என்று ஒரே ஒரு இடத்தில் கோடு போட்டால், சுடாத பெட்டியைப் பிரிப்பது வெறும் பழைய சாமான் வேலை. அதற்கு அறக்கணக்கில் இடமே இல்லை. துணிவதும் சேர்ப்பதும் உடன்படுவதும் கணக்கில் ஏறுவதால்தான் துணியாமல் விட்டதும் சேர்த்ததைப் பிரித்ததும் உடன்படாமல் நின்றதும் செயலாகின்றன. வினை வர 108 வழி என்பது நிறுத்த 108 இடம் என்பதும்தான். விசையை இழுக்கிறவருக்கு ஒரு கணம்தான் வாய்க்கும். மற்ற எல்லாருக்கும், பெட்டியில் விவரம் எழுத மறந்தவரிலிருந்து பெட்டியை வாங்கி வைத்தவர் வரைக்கும், அந்தக் கணக்கு நிறைய அவகாசம் கொடுக்கிறது.