திரும்பி வரும் பங்கு யாருடைய பணம்?



சீட்டாட்டமே சாவான பாவமென்று பயமுறுத்த நான் எழுதவில்லை. பந்தய ஆட்டங்கள் தம்மிலே நீதிக்கு விரோதமல்ல, ஆனால் ஒருவனுக்கும் அவனை நம்பியிருப்பவர்களுக்கும் பிழைப்புக்கு வேண்டியதை அவை பறிக்கும்போது தகாதவையாகின்றன என்றே திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 2413-ஆம் எண்ணிலே போதிக்கிறது. இன்று நான் பேச வந்தது கைப்பேசியில் ஆடும் போக்கர் ஆட்டத்தைப் பற்றி. அதிலும் ‘ரேக்பேக்’ என்று ஆசை காட்டப்படும் அந்தத் திரும்பி வரும் பணத்தைப் பற்றி.

போக்கரில் ஆட்டத்தை நடத்தும் கம்பெனி சீட்டுப் பிடிப்பதில்லை. ஆடுகிறவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் ஜெயிக்கிறார்கள். அப்படியானால் கம்பெனிக்கு வருமானம் ஏது? நடுவில் சேரும் பந்தயப் பணத்திலிருந்து, பெரும்பாலும் நூற்றுக்கு 5 வீதம், ஓர் உச்ச வரம்பு வரைக்கும் எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பெயர் ரேக். ஜெயித்தவனின் குவியலிலிருந்து போகிறபடியால் ஒருவருக்கும் வலி தெரிவதில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். ஒரு கைக்கு 400 ரூபாய் சேர்ந்தால் 20 ரூபாய் கம்பெனிக்கு. மணிக்கு 60 கை நடந்தால் 1,200 ரூபாய். ஐந்து மணி நேரத்தில் 6,000. அதாவது ஆறு பேரும் கொண்டுவந்த பணம் முழுவதும்! தோற்றவர்கள் மேலும் மேலும் பணம் கொண்டுவந்தால்தான் ஆட்டம் நடக்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் நிற்பது எப்படி?

இந்த ரேக்கில் ஒரு பகுதியை உங்களுக்கே திருப்பித் தருவதுதான் ரேக்பேக். ஃபுல் டில்ட் என்ற கம்பெனி ஒரு காலத்தில் 27 வீதம் தந்தது. உங்கள் கணக்கில் 1,000 ரேக் போயிருந்தால் 270 திரும்பும், 730 திரும்பாது. காய்கறிக்காரியும் கொசுறு போடுகிறாள். ஆனால் அவளிடம் வாங்கின கத்தரிக்காய் உங்கள் பையிலே இருக்குமல்லவா? இங்கே பை வெறுமை, கொசுறு மட்டும் மிச்சம். மேலும் ஆடினால் மேலும் திரும்பும் என்கிறபடியால், எழுந்திருக்க வேண்டியவனும் எழுந்திருப்பதில்லை.

அந்தக் கம்பெனியின் கதையையும் கேளுங்கள். 2011 ஏப்ரல் 15-ல் அமெரிக்க அரசாங்கம் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. அப்போது உலகமெங்கும் ஆடினவர்களுக்கு அது தரவேண்டியிருந்தது ஏறக்குறைய 39 கோடி டாலர். பாங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி. பிறகு வேறொரு கம்பெனி அதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் அமெரிக்கர்களுக்குப் பணம் திரும்பத் தொடங்கியது 2014-ல்தான். இருபத்தேழு வீதம் கொசுறு வந்தது, முதல் பெட்டியில் இல்லை!

சரி, ரேக்பேக்கைக் கொண்டுவருகிறவன் யார்? பல சமயம் ஒரு தரகன். ‘அஃபிலியேட்’ என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் அனுப்பும் லிங்க்கில் அவனுடைய அடையாளம் இருக்கும். அதைத் தொட்டுச் சேர்ந்தவன் கம்பெனியின் புத்தகத்தில் அவன் பெயருக்குக் கீழே எழுதப்படுகிறான். பல ஒப்பந்தங்களில், அவன் ஆடும் காலமெல்லாம் ரேக்கிலே தரகனுக்குப் பங்கு உண்டு. அதில் கொஞ்சம் ஆடுகிறவனுக்குக் கொடுத்து மீதியைத் தான் வைத்துக்கொள்கிறான். கம்பெனியோடு எதிர்த்து ஆடும் சூதாட்டங்களிலோ இன்னும் பச்சையான கணக்கு: சேர்ந்தவர்களின் நஷ்டத்திலிருந்தே பங்கு. வேறு சில ஒப்பந்தங்களில் தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக. நான் யாரையும் யூதாஸ் என்று சொல்லவில்லை. ஆனால் தலைக்கு விலை என்ற சொல்லைக் கேட்டால் எந்தக் கிறிஸ்தவனுக்கும் முப்பது வெள்ளிக்காசு நினைவுக்கு வராமல் போகாது.

2025 ஆகஸ்டில் நம் தேசத்தில் வந்த சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடுக்கிறது. விளம்பரம் செய்கிறவனுக்கு 2 வருஷம் வரை சிறை, அல்லது 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் இதை அறிந்திருக்கட்டும்.

எனக்குள்ள கவலை வேறு. ஆடுகிற பிள்ளை இரவு தூங்குவதில்லை, தாய் கண்டுபிடித்துவிடுவாள். லிங்க் அனுப்புகிற பிள்ளையோ நிம்மதியாகத் தூங்குகிறான், பூசைக்கு வருகிறான், நன்மை வாங்குகிறான். “நான் ஒரு ரூபாய்கூட வைத்து ஆடவில்லையே, சுவாமி” என்பான். சித்தப்பா மகனைச் சேர்த்துவிட்டது அவன்தான். அந்த வீட்டில் அடகுக்குப் போன சங்கிலியிலே ஒரு கண்ணி தரகாக இவன் கைக்கு வந்திருக்கிறது. பிறனைப் பாவத்துக்கு ஏதுவான வழியில் நடத்துவதற்குத் துர்மாதிரிகை என்று பெயர். அது பணம் வாங்காமல் செய்தாலும் பாவம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை கைப்பேசியில் சம்பாதிக்கிறேன் என்றால் சந்தோஷப்படுமுன் கேளுங்கள்: யார் கொடுக்கிறார்கள், எதற்காக, யாருடைய பணத்திலிருந்து?

ஏற்கெனவே வாங்கினதை என்ன செய்வது? ஆயக்காரனாகிய சக்கேயு, சேசுநாதர் சுவாமி தன் வீட்டுக்கு வந்த அன்றே, வஞ்சித்து வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். நான் உங்களிடம் நாலு மடங்கு கேட்கவில்லை. முதலில் அந்த லிங்க்கை அழித்துவிடுங்கள். உங்கள் மூலம் சேர்ந்தவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும். அவர்களை ஒவ்வொருவராய்க் கண்டு, உங்களுக்குப் பங்கு வந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த வீட்டில் கஷ்டமோ அந்த வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். எவ்வளவு, எப்படி என்று தெரியாதவர்கள் சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரலாம். கடைசி ஆள் போகும்வரை நான் கோயிலிலேயே இருப்பேன்.

உங்கள் பங்குச் சுவாமியார்