ஏந்தியவனைச் சுடாத நெருப்பு

பேரழிவை உண்டாக்கும் ஒரு கருவி, தன்னை ஏந்துபவனையும் அவனைச் சார்ந்தோரையும் தீண்டாது என்ற உறுதி கிடைத்துவிட்டால், அதைப் பயன்படுத்தாமல் அவனைத் தடுத்து நிறுத்தக்கூடியது எது என்பது அறவியலின் பழமையான வினாக்களுள் ஒன்று. சமய நூல்களிலும் போர்நெறி பற்றிய விவாதங்களிலும் எழும் இவ்வினா, நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘ஆர்மகெடான்ஸ் பிளேடு’ என்னும் கணினி விளையாட்டிலும் தெளிவான வடிவம் பெற்றுள்ளது.

இது ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ என்ற மாயப் புனைவுலக விளையாட்டின் விரிவுத் தொகுப்பு. அதாவது, மூல விளையாட்டை ஏற்கெனவே வைத்திருப்போருக்காகப் புதிய கதைகளையும் உயிரினங்களையும் சேர்த்துப் பின்னர் வெளியிடப்பட்ட கூடுதல் பகுதி. மூல விளையாட்டு, சதுரங்கத்தைப் போல ஒருவர் ஆடி முடித்த பின்னரே அடுத்தவர் ஆடும் முறைவழி வியூக விளையாட்டு வகையைச் சேர்ந்தது. ஆறு போர்க்கதைத் தொடர்களையும் ஒன்பதாவது நகர வகை ஒன்றையும் கொண்டுவந்த இத்தொகுப்பு, தன் பெயரை ஒரு வாளிலிருந்தே பெற்றது.

அந்த வாளின் பொருளை உணர, மூல விளையாட்டிலிருந்த ‘ஆர்மகெடான்’ என்னும் மந்திரத்தை முதலில் அறிய வேண்டும். நெருப்பு வகை மந்திரங்களுள் நான்காம் நிலையில் வைக்கப்பட்ட அது, போர்க்களம் முழுவதும் தீமழையைப் பொழிந்து, நண்பன் என்றும் பகைவன் என்றும் பாராமல் எல்லாப் படைகளையும் எரிக்கும். எனவே அதை ஏவும் தலைவன் தன் வீரர்களின் சாவையும் விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. எந்த மந்திரமும் தீண்டாத கறுப்பு டிராகன்களைப் போல, அத்தீ தீண்டாத உயிரினங்களை மட்டும் கொண்டு படை அமைத்தவனே அவ்விலையிலிருந்து தப்ப முடிந்தது. விரிவுத் தொகுப்பில் வந்த வாளோ அந்த மந்திரத்தை அதன் மிகவுயர்ந்த ஆற்றலுடன் ஏந்துபவனுக்கு அளிப்பதோடு, அவன் படையினர் அனைவரையும் அத்தீயிலிருந்து காக்கிறது. அதுவரை அழிவுக்கு ஓர் எல்லையாக நின்றது, அழிப்பவனும் அதில் பங்குபெற்றாக வேண்டும் என்ற நிலைதான். வாள் நீக்குவது அந்த எல்லையை.

அம்மந்திரத்தின் பெயருக்கு மூலமான அர்மகெதோன் என்ற சொல் கிறித்தவத் திருமறையின் புதிய ஏற்பாட்டில், திருவெளிப்பாடு நூலின் 16ஆம் அதிகாரத்தில் மட்டுமே வருகிறது. அங்கு அது ஆயுதத்தின் பெயரன்று, இறுதிப் போருக்காக உலக அரசர்கள் ஒன்று சேர்க்கப்படும் இடத்தின் பெயர். அந்நூலில் அழிவு இறைவனின் தீர்ப்புக்கு உரியது. எந்த அரசனும் அதைத் தன் கையில் எடுத்துக்கொள்ள இயலாது. அதே நூலின் 7ஆம் அதிகாரம், அழிவு தொடங்குமுன் இறைவனின் ஊழியர்களுடைய நெற்றியில் முத்திரை இடப்படுவதைச் சொல்கிறது. முத்திரையும் வாளும் இரண்டுமே சிலரைக் காப்பவை என்றாலும், முத்திரை ஒருவன் இறைவனுக்கு உரியவனா என்று பார்க்கிறது, வாளோ அவன் எந்தத் தரப்பில் நிற்கிறான் என்பதை மட்டுமே பார்க்கிறது. தீர்ப்பு என்ற கருத்திலிருந்து நீதியை எடுத்துவிட்டு, விலக்கை மட்டும் வைத்துக்கொண்டால் எஞ்சுவதே இந்த வாள்.

விளையாட்டில் எரிபவை வெறும் உருவங்கள்தாமே, அவற்றில் அறத்தைத் தேடுவது பொருந்துமா என்ற ஐயம் எழுவது இயல்பு. உருவங்களுக்குத் துன்பம் இல்லை என்பது உண்மையே. ஆயினும் ஒரு விளையாட்டின் விதி, மனிதர் எதை வெற்றியின் நிறைவாக விரும்புகின்றனர் என்பதைக் காட்டுவதால், அவ்விருப்பம் ஆராயத்தக்கதாகிறது. மேலும், முறைவழி விளையாட்டில் ஆடுபவரின் கட்டளைக்காகக் களம் முழுவதும் காத்திருக்கிறது. நேரம் போதவில்லை, பதற்றத்தில் கை தவறியது என்னும் சமாதானங்களுக்கு அங்கு இடமில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், தற்காப்புச் செயல் ஒன்றுக்குத் தன்னைக் காத்தல், தாக்கியவனின் சாவு என இரு விளைவுகள் இருக்கலாம் என்றும், செயலின் தன்மை நாடப்பட்ட விளைவையே சார்ந்தது என்றும், தேவைக்கு மிஞ்சிய வன்மை அச்செயலை முறையற்றதாக்கும் என்றும் வாதிட்டார். களம் முழுவதையும் எரிக்கும் மந்திரம், நாடப்பட்டது, நாடப்படாதது என்ற அந்த வேறுபாட்டுக்கே இடம் தருவதில்லை.

வாள் தீயோன் கையில் இருப்பதுதான் குறை, நல்லோன் கைக்கு மாறினால் அது தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தையும் கதை சோதிக்கிறது. உலகை எரிக்க விழையும் லூசிஃபர் கிரீகன் என்னும் அரக்க அரசனுக்காக உருவான வாள், அவன் தளபதி செரோனை வென்ற கெலு என்னும் வனக் காவலர் தலைவனிடம் வந்து சேர்கிறது. கெலு நாட்டைக் காக்கப் போரிட்டவன். அவன் நோக்கத்தில் மாசில்லை. ஆயினும் 2002ஆம் ஆண்டில் வெளியான நான்காம் பாகத்தின் கதையில், கெலுவின் வாளும் கில்கோர் என்ற அரசனின் பனிவாளும் மோதியபோது அவ்வுலகமே அழிந்தது. தன் படையை மட்டும் காக்கும் வாள், தன் படை நின்ற மண்ணைக் காக்கவில்லை.

ஏறத்தாழ இதே நிலையை மகாபாரதத்தின் சௌப்திக பருவமும் எதிர்கொள்கிறது. அசுவத்தாமன் பிரம்மசிரம் என்ற அத்திரத்தை ஏவ, அருச்சுனன் அதைத் தணிப்பதற்காகத் தானும் அதையே விடுகிறான். விடுமுன் முதலில் பகைவனாக நிற்கும் தன் ஆசானின் மகன் அசுவத்தாமனுக்கும், அதன் பின்னரே தனக்கும் தன் உடன்பிறந்தோருக்கும் நலம் உண்டாகட்டும் என்று வேண்டுகிறான். உயிர்கள் அனைத்தின் பொருட்டும் நாரதரும் வியாசரும் இரு நெருப்புகளுக்கும் நடுவே வந்து நிற்க, நோன்பால் தன்னை அடக்கியிருந்த அருச்சுனன் தன் அத்திரத்தைத் திரும்பப் பெறுகிறான். அவ்வடக்கம் இல்லாத அசுவத்தாமனால் அது முடியாமற்போக, அவன் விட்டது அருச்சுனனின் மருமகள் உத்தரையின் வயிற்றிலிருந்த கருவைத் தாக்குகிறது.

கெலுவிடம் நல்ல நோக்கம் இருந்தது. அருச்சுனனிடம் அதற்கு மேலும் இரண்டு இருந்தன: எதிரியையும் உள்ளடக்கிய வேண்டுதலும், விட்டதை மீட்கும் ஆற்றலும். பிற உயிரின் நோயைத் தன் நோய்போல் கருதாவிட்டால் அறிவினால் பயனில்லை என்று இன்னா செய்யாமை அதிகாரத்தில் வள்ளுவர் கொள்வதும் இதனோடு இயைகிறது. தன்னைச் சுடாத நெருப்பை ஏந்துபவன், பிறர் நோயைத் தன் நோயாக அறியும் வாயில்களுள் ஒன்றைத் தானே அடைத்துக்கொள்கிறான். அதனால் அவனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகுந்த விலையுடையது. அந்த விளையாட்டில் ஆர்மகெடானை ஏவுவதற்குக் கட்டளை உண்டு, திரும்ப அழைப்பதற்கு இல்லை. ஆகவே அத்தகைய கருவியை ஏந்தும் உரிமை கேட்கும் மனிதனிடம், எத்தனை பேரை அதனால் காப்பாய் என்று கேட்பதற்கு முன், விட்டதை மீட்க உன்னால் முடியுமா என்று கேட்பதே அறத்துக்கு உகந்தது.