பெயர் தெரிந்துவிட்டது

மயிலாப்பூர்க்காரன் அடையாறில் போய் நாலு நாள் தங்குவதை விடுமுறைப் பயணம் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கலாம். நான் அப்படித்தான் காந்தி நகரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று மாலை எதிர்வீட்டு மதில்மேல் ஒரு கொடியைப் பார்த்தேன். நீண்ட காம்புகளில் தலைகவிழ்ந்த வெள்ளைப் பூக்கொத்துகள். அவற்றினிடையே சில ரோஜா நிறம், சில நல்ல சிவப்பு. ஒரே கொடியா, மூன்று கொடிகளா?

பேத்தி கைப்பேசியில் படம் பிடித்தாள். கண்ணிமைக்கும் நேரத்தில், "ரங்கூன் மல்லி, தாத்தா" என்றாள். அவ்வளவுதான், எல்லோரும் காப்பி குடிக்க உள்ளே போய்விட்டோம்.

மறுநாள் காலை அங்கே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தோட்டக்காரரைக் கேட்டேன். "எல்லாம் ஒரே கொடிதாங்க. இன்னிக்கு அந்தியில வெள்ளை, நாளைக்கு ரோசு, நாளன்னிக்கு செவப்பு. பேருதான் தெரியாதுங்க" என்று வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டியவர் அவரா?

நாங்கள் அறிந்த பெயரின் யோக்கியதைதான் என்ன? அந்தக் கொடி ரங்கூனுக்கு மட்டும் சொந்தமல்ல, மல்லிகையும் அல்ல. மருதமும் கடுக்காயும்தான் அதன் தாயாதிகள். பதினேழாம் நூற்றாண்டில் அம்போன் தீவில் வாழ்ந்த ரும்ஃபியுஸ் என்ற ஜெர்மானியர் அதற்குக் 'குவிஸ்குவாலிஸ்' என்று பெயரிட்டார். லத்தீனில் அதற்கு 'யார்? எப்படிப்பட்டது?' என்று பொருள். 'உடானி' என்ற மலாய்ப் பெயர், 'எப்படிப்பட்டது' எனப் பொருள்படும் டச்சுச் சொல்லைப் போல ஒலித்ததால் வந்த வினை என்பார்கள். 1670-இல் அவருக்குக் கண்பார்வை போயிற்று. பிறகும் பிறர் கையால் எழுதுவித்துத் தம் தாவர நூலை முடித்தார். 1762-இல் லின்னேயஸும் அந்தக் கேள்வியையே பெயராக ஏற்றார். இப்போதைய தாவர நூலார் கொடியைக் 'கொம்ப்ரீட்டம்' என்ற இனத்தில் சேர்த்து, கேள்வியை நீக்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தக்க காரணம் இருக்கும். எனக்கென்னவோ மனத்தாங்கல்தான். கேள்வியே பெயராக இருந்தால், பெயர் தெரிந்தவனும் இன்னொரு முறை திரும்பிப் பார்ப்பான் அல்லவா?

மூன்றாம் நாள் அந்தியில் பேத்தியைக் கூப்பிட்டேன். "அதான் பேர் கண்டுபிடிச்சாச்சே, தாத்தா!" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முதல்நாள் பார்த்த வெள்ளைப் பூக்கள் சிவந்திருந்தன. புதிய மொட்டுகள் வெள்ளையாக அவிழ்ந்துகொண்டிருந்தன. இருட்டும்வரை அவள் உள்ளே போகவில்லை.

ஊர் திரும்பும்போது ஆட்டோ திரு.வி.க. பாலத்தில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது: தோட்டக்காரரின் பெயரை நான் கேட்கவே இல்லை.