குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டியவன்

பாரதப் போரின் பதினான்காம் நாள். பொழுது சாய்வதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன் என்று அர்ச்சுனன் சபதம் செய்திருக்கிறான். நடுவழியில் குதிரைகள் களைத்துவிட்டன, உடம்பெல்லாம் அம்பு. கண்ணன் அவற்றை அவிழ்த்து, அம்புகளைப் பிடுங்கி, மேனி தேய்த்து, தண்ணீர் காட்டுகிறான். அந்தத் தண்ணீரும் அர்ச்சுனன் நிலத்தில் அம்பெய்து வரவழைத்தது. கதை சொல்பவர்கள் இந்த இடத்தைக் கண்ணனின் கருணைக்குச் சாட்சியாகச் சொல்வார்கள். கருணைதான். ஆனால் குதிரைகள் தேறியதும் அவற்றை மேயவா விட்டான்? மறுபடி தேரில் பூட்டினான்.

துரோண பருவத்தின் இந்த இடம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், லண்டனில் என்னோடு அம்புலன்ஸில் ஓடும் ஒருவர். ஆப்கானிஸ்தானில் காம்ப் பாஸ்டியன் கள மருத்துவமனையில் இருந்தவர். இப்போதும் ரிசேர்வ் ஆமியில் இருக்கிறார். என்னையும் பராமெடிக்காகச் சேரச் சொல்கிறார். பிரிவைப் பொறுத்து வருடத்துக்கு 19 அல்லது 27 நாள் பயிற்சி, அதில் இரண்டு கிழமை முகாம், நாளுக்குச் சம்பளம், வருட முடிவில் வரியில்லாத ஒரு தொகை. துவக்குத் தருவார்கள், என்னையும் என் காயக்காரரையும் காக்க மட்டும். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தம் அதற்கு இடம் கொடுக்கிறது. எதிரியோ நம்மவனோ, காயத்தின் அவசரம் பார்த்துத்தான் யாருக்கு முதலில் வைத்தியம் என்று முடிவுசெய்ய வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தம்தான். "தெருவில் குத்தினவனுக்கும் குத்துப்பட்டவனுக்கும் ஒரே கையால் மருந்து கட்டுகிறவள்தானே நீ, இதில் என்ன புதிது?" என்கிறார்.

அம்மாவுக்கு ஒப்பந்தங்களில் நம்பிக்கை இல்லை. யாழ்ப்பாணத்துக்காரி. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில், இந்திய இராணுவம் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் எழுபது பேர் வரை செத்தார்கள். மறுநாள் காலை, தாதிமாரோடு கையை உயர்த்திக்கொண்டு வந்த குழந்தை வைத்திய நிபுணரும் தப்பவில்லை. ஆனாலும் அம்மா என்னிடம் அதைச் சொல்லி அழவில்லை. ஒன்றுதான் கேட்டா: "நீ மருந்து கட்டி எழுப்பிவிடுற பெடியனைப் பிறகு எங்க அனுப்புவாங்கள்?"

திரும்பச் சண்டைக்குத்தான். நண்பரிடம் கேட்டேன், அவரும் மறைக்கவில்லை. படைக்கு மருத்துவப் பிரிவு இருப்பதன் நோக்கங்களில் அதுவும் ஒன்று.

இந்தக் கேள்வியை என்னைவிடப் பெரிய ஒருவர் சுமந்திருக்கிறார். 1899இல் போயர் போரில் காந்தி இந்தியர்களைத் திரட்டி அம்புலன்ஸ் படை அமைத்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலானோர் ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியன் கொப் சண்டையில் காயக்காரரைத் தூக்கிச் சுமந்தார்கள். 1906இல் ஸூலு மக்களின் எழுச்சியை ஆங்கிலேயர் நசுக்கியபோது மறுபடி போனார். அங்கே வெள்ளையர் தொட மறுத்த ஸூலு காயக்காரரைப் பராமரித்தது அவருடைய சிறு குழு. 1914இல் லண்டனில் மூன்றாவது தடவை. ஆனால் சுயசரிதையில், துவக்குப் பிடிப்பவனுக்கும் செஞ்சிலுவை வேலை செய்பவனுக்கும் அகிம்சையின் கண்ணில் வித்தியாசம் இல்லை என்கிறார். கொள்ளைக் கூட்டத்தில் காயம்பட்டவனுக்குப் பணிவிடை செய்கிறவனும் கொள்ளையில் பங்காளி என்பது அவர் வாதம். அப்படியானால் ஏன் போனார்? சாம்ராஜ்யத்தின் பாதுகாப்பில் வாழ்ந்துகொண்டு ஒதுங்கி நிற்க முடியாது என்றார். அந்தக் காரணம் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் சிலுவைச் சின்னத்துக்குப் பின்னால் ஒளியாத அந்த நேர்மை, காரணத்தைவிடப் பெரியது.

ஒதுங்கி நின்றால் மட்டும் சுத்தமா? கத்திக்குத்துப் பட்ட பெடியனின் தொடையில் நான் இறுக்கும் டூர்னிகே, கடைசி வழி என்று ஒதுக்கப்பட்டிருந்த சாமான். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கால் போனவர்களைக் காப்பாற்றிய அனுபவம்தான் அதைத் திரும்ப எங்கள் பைக்குள் கொண்டுவந்தது. யாரோ ஒரு போரில் கற்றதை வைத்துத்தான் நான் உயிர் காக்கிறேன்.

ஆகவே போரில் பங்கு என்பதற்காக மட்டும் நான் மறுக்க முடியாது. எனக்கு இடறுவது வேறு. 1996ஆம் ஆண்டின் ரிசேர்வ் படைச் சட்டப்படி அழைப்பு வந்தால் போக வேண்டும். விலக்குக் கேட்க வழி உண்டு. எந்தப் போர் என்று தெரிவுசெய்ய வழி இல்லை. அர்ச்சுனன் கலங்குவதற்கு முன்னால் ஒன்று செய்தான்: இரண்டு சேனைக்கும் நடுவே தேரை நிறுத்தச் சொல்லி, எதிரே நிற்பவர் யார் யார் என்று பார்த்தான். பார்த்த பிறகுதான் அவனுக்குக் கேள்வியே வந்தது. கீதை அந்தக் கேள்விக்குப் பதில். ரிசேர்வில் சேர்கிறவள் களத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறாள். எதிரே எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதைப் பிறகு யாரோ முடிவுசெய்வார்கள். என் உழைப்பைக் கொடுப்பேன். அந்தப் பார்வையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நண்பரிடம் சொன்னேன். "எல்லாரும் உன்னைப் போல யோசித்தால் காயம்பட்டவனிடம் யோசிக்காதவன்தான் வருவான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் முகாமுக்குப் போகும் இரண்டு கிழமையும் அவருடைய இரவு வேலைகளை நான் எடுக்கிறேன் என்றேன்.

அம்மாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. "அப்ப நீயும் போன மாதிரித்தானே" என்றா.