இனிமையும் வாய்மையும்

உள்ளதை உள்ளவாறு உரைப்பது வாய்மை. கேட்பவர் மனம் குளிர உரைப்பது இனிமை. இவ்விரண்டும் முரணுமிடத்து எதனைத் தேர்வது என்பது அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாவாகும். அவ்வினா ஏட்டில் மட்டும் எழுவதன்று; இசைக்கருவி வாங்கப் புகும் எளிய இல்லத்திலும் எழுகின்றது.

மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த முதியோர் பலருக்கு வால்வு வானொலிப் பெட்டி புதியதன்று. விசையைத் திருகியவுடன் அது பாடாது. உள்ளிருக்கும் கண்ணாடிக் குமிழ்கள் சூடேறிய பின்னரே குரல் பிறக்கும். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய டிரான்சிஸ்டர், பிற்றைநாளில் அக்குமிழ்களைப் பெரும்பாலான வீடுகளினின்றும் அகற்றிவிட்டது. ஆயினும் இசையன்பர் சிலர் இன்றும் வால்வையே நாடுகின்றனர்.

தோட்டத்தை விட்டு நகரில் குடியேறிய ஒருவர், தந்தையார் விட்டுச்சென்ற இசைத்தட்டுகளை மீண்டும் கேட்க விழைகின்றார் எனக் கொள்வோம். தட்டின்மீது ஓடும் ஊசிமுனை எழுப்பும் மின்னலை மிகச் சிறிது. பலவகை ஊசிமுனைகளில் ஏறத்தாழ 5 மில்லிவோல்ட்டே. அதனைப் பெருக்கி, பதிவின்போது குறைக்கப்பட்ட தாழொலியை மீட்டு, அடுத்துள்ள பெரிய பெருக்கிக்கு அனுப்புவது முன்பெருக்கியின் கடமை. முதற்படியில் நிற்பதால், அது சேர்ப்பதெல்லாம் பின்னர்ப் பன்மடங்காகப் பெருகும். எனவே அதனைத் தேர்வதில் கருத்து வேண்டும்.

வால்வு முன்பெருக்கி விலை மிக்கது, வெப்பம் உமிழ்வது, அதன் குமிழ்கள் நாளடைவில் தேய்வன. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருத்தல் கூடும். இவ்வளவையும் பொறுத்து அதனை விரும்புவதேன்? 'ஒலி இனிது' என்பதே விடை. அவ்வினிமைக்கு ஒரு காரணம் உண்டு. எளிய வால்வுச் சுற்று, உள்ளே புகும் ஒலியோடு அதன் இருமடங்கு அதிர்வையும் சிறிது சேர்க்கின்றது. தமிழிசையின் மொழியிற் கூறின், குரல் ஒலிக்கும்போது மேற்குரலும் மெல்ல உடன் ஒலிக்கின்றது. இரண்டும் பகையற்றவை, ஆதலின் செவி அதனைப் பிழையெனத் தள்ளாமல் நிறைவெனக் கொள்கின்றது. நுட்பமாக அமைந்த கருவிகளில் இச்சேர்க்கை செவிக்குப் புலப்படாத அளவினதே. சிலவற்றிலோ அது வேண்டுமென்றே விடப்படுகின்றது.

நாகசுவரக் கலைஞர் ஊதாத ஒன்றைச் சேர்ப்பது பொய்யன்றோ என்பர் ஒருசாரார். தட்டில் பதிந்ததும் முழு உண்மையன்று. ஒலிவாங்கியும் பதிவறையும் அதனை முன்னரே மாற்றியுள்ளன என்பர் மறுசாரார். இரு கூற்றிலும் உண்மையுண்டு. குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது வள்ளுவர் கருத்து. செவிக்கு இனிமை சேர்ப்பதால் எவர்க்கும் தீங்கில்லை. சேர்க்கப்பட்டதையே மூலமென்று நம்பும்போதுதான் தீங்கு தொடங்குகின்றது. ஆகவே வாங்குபவர், பெருக்கமின்றி நேரில் கேட்டறிந்த நாகசுவரத்தை உரைகல்லாகக் கொண்டு கருவியைச் சோதித்தல் நன்று. இன்னது கூடுகின்றது என அறிந்து தேர்பவர் ஏமாறுவதில்லை.

இக்கருத்து இசைக்கு மட்டும் உரியதன்று. மனித நினைவும் வால்வைப் போன்றதே. தோட்ட வாழ்வை எண்ணுங்கால் திருவிழாவும் அண்டை வீட்டார் அன்பும் இனிமை கூடி எழுகின்றன; பெரட்டுக் களத்தின் இருள் பிரியா விடியலும், கூலியை விழுங்கிய கடனும், லயத்து நெரிசலும் மங்கிப்போகின்றன. முதியவர் தமக்குள் அவ்வினிமையை நுகர்வதில் பிழையில்லை. அதனையே வரலாறென இளையோர்க்கு உரைத்தால், முன்னோர் பட்ட பாடு மறைக்கப்படும். மாணவர்க்கு அதனை எடுத்துரைக்கும் ஆசிரியர் முன்பெருக்கியின் இடத்தில் நிற்கின்றார். அவர் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு தலைமுறை முழுவதும் பெருகும்.

மலாக்கா நகரில் 1781இல் எழுந்த விநாயகர் கோயில் 'பொய்யாத' என்னும் அடைமொழி பூண்டு இன்றும் நிற்கின்றது. அச்சொல்லை நாள்தோறும் உச்சரிக்கும் மக்கள், வீட்டில் இனிய ஒலியைத் தேரலாம். பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் வாய்மையையே தேர்தல் வேண்டும்.